நின்ற மெஷினில் கேட்ட கரகரப்பு

கும்மிடிப்பூண்டி
14-3-76, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எஸ்தருக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் உண்டு, அதைக் கீழே எழுதுகிறேன். நீயும் பெரியம்மாவும் சுகமா என்று எழுது. பெரியப்பா சுகமாகத்தான் இருப்பார், அவருக்கென்ன, நீ பக்கத்தில் இருக்கிறாய். உன் கடிதம் போன திங்கட்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணம் இல்லை, கோபம்தான் காரணம். அன்றைக்கே "உடனே புறப்பட்டு வா" என்று ஒரே வரியில் எழுதி வைத்தேன், உன் அம்மா அதைப் படித்துப் பார்த்துவிட்டு அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். ஆகவே இது இரண்டாவது கடிதம். இதையும் எரிக்காமல் இருந்தால் உன் கைக்கு வந்து சேரும்.

சுற்றி வளைத்து எழுத எனக்குப் பொறுமை கிடையாது, விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது முடிந்ததும் ஊருக்கு வராமல் வடக்கே பிலாயிலேயே பள்ளிக்கூடப் படிப்பு முழுவதையும் முடிக்கட்டும் என்று பெரியப்பா சொல்கிறார், இந்த மாதக் கடைசிக்குள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட வேண்டும், "அப்பா, நான் இங்கேயே இருக்கட்டுமா" என்று கேட்டிருக்கிறாய். ஒரே ஒரு வருஷம் என்று பேசித்தானே உன்னை அனுப்பினோம். அப்போது இந்த மில்லைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், மெஷின்களை இறக்கிப் பூட்ட வந்த எனக்கு வீடு கிடைக்கவில்லை, தகரக் கொட்டகையில் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று உன் அம்மாவின் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது வீடு இருக்கிறது. இரண்டு அறை, மேலே ஓடு, உனக்கென்று ஜன்னலோரம் ஒரு கட்டில், அதன் கால் ஆடிக்கொண்டிருந்ததை நானே அடித்து நிறுத்தியிருக்கிறேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அது எனக்கும் வருத்தம்தான். அதற்காக எனக்கு இருக்கிற ஒன்றைக் கேட்பதா. போன மாதம் பெரியப்பா எழுதிய கார்டில் "நம் எஸ்தர் நன்றாகப் படிக்கிறாள்" என்று இருந்தது. அந்த "நம்" என்ற சொல்லில் யார் யார் அடக்கம் என்று நான் வெகுநேரம் யோசித்தேன்.

அதைவிட என்னைக் குடைந்தது உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம். வகுப்பில் இந்திப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னால் உனக்குத் தொண்டை அடைத்து, உள்ளங்கை வேர்த்து, அழுகை வந்துவிடுகிறது என்றும், அப்போது யார் முகத்தையும் பார்க்காதே, குதிகாலைத் தரையில் அழுத்தி அதன் குளிர்ச்சியைக் கவனி, தூரத்தில் கேட்கிற சத்தம் ஒன்று, பக்கத்தில் கேட்கிற சத்தம் ஒன்று, இரண்டையும் காதில் வாங்கு, புத்தகத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார், அதற்குப் பிறகு வாயைத் திற என்று பெரியப்பா சொல்லிக் கொடுத்தாரென்றும், அப்படியே செய்து ஒரு பக்கம் முழுக்கத் தடுமாறாமல் வாசித்தாயென்றும் எழுதியிருக்கிறாய். நீ வாசித்ததில் எனக்குச் சந்தோஷம், அதில் சந்தேகப்படாதே. ஆனால் அதற்கு அடுத்த வரியில் "பெரியப்பா மாதிரி யாரும் எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை" என்று எழுதினாயே, அது எப்படி. நட்டு போல்ட்டை எண்ணிக் கொடுக்கிற ஸ்டோர் கீப்பர் அவர். காதாலும் கையாலும் மூக்காலும் சம்பாதிக்கிறவன் நான். மோட்டார் சுருள் கருகுவதற்கு முன்னால் அதன் வார்னிஷ் வாசனை மாறுவதை நாலு ஆள் தூரத்திலிருந்து சொல்லுவேன். பெல்ட் வழுக்குவதைப் பேச்சுக் குரல்களுக்கு நடுவில் கேட்பேன். கழனி வேலையிலிருந்து வெளியே வந்து டிப்ளமா படித்த முதல் ஆள் நம் குடும்பத்தில் நான்தான், படித்ததெல்லாம் இதைத்தான். என் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆயிரம் மைல் தாண்டி ஒரு ஸ்டோர் கீப்பர் வேண்டியிருக்கிறதா. போதாக்குறைக்கு சைக்கிள் வேறு அவர்தான் பழக்குகிறாராம். நான் பழக்குவதாகச் சொல்லி வைத்திருந்தது. சரி, பழகிவிட்டாய், இனி அதை மறக்கவா முடியும், இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்காதே.

இந்த எரிச்சலோடுதான் செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குப் போனேன். எங்கள் மில்லில் இரும்பைக் காய்ச்சுகிற உலைக்குக் காற்றுத் தள்ள ஒரு பெரிய ப்ளோயர் இருக்கிறது. அது நின்றால் உலை ஆறும், உலை ஆறினால் அன்றைக்குக் கம்பி கிடையாது. அதன் பேரிங் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று தினமும் கேட்டுப் பார்ப்பது என் வேலை. நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மூடியின் மேல் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பது அத்தனையும் கேட்கும். நல்ல பேரிங் ஒரே சீராக ரீங்காரம் போடும், கெட்டது மணலை மெல்லுகிற மாதிரி கரகரக்கும். அன்றைக்கு வைத்த உடனே கரகரவென்றது. பேரிங் போய்விட்டது, நிறுத்து என்றேன். என்னோடு வேலை செய்கிற துலுக்காணம், "இன்னா தொர, தை மாசந்தான புதுசு போட்டோம், அதுக்குள்ள எப்பிடிப் பூடும்? கைய வெச்சுப் பாரு, சூடே இல்ல" என்றார். கையை வைத்துப் பார்ப்பதுதான் முறை, காதில் கேட்டதைக் கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அன்றைக்கு எனக்கு யார் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் பெரியப்பா சொல்லிக் கொடுக்கிற மாதிரியே இருந்தது. "காதுல கேக்குது, கைய வேற வெக்கணுமா, நிறுத்துய்யா" என்று கத்தினேன். நிறுத்தினார்கள். உலையடியில் இருக்கிறவர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். மூடியைக் கழற்றினால் பேரிங் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, கிரீஸ் வெண்ணெய் மாதிரி இருக்கிறது, ஒரு துரும்பு இல்லை.

என்னால் நம்ப முடியவில்லை. கேட்டேனே, என் காது பொய் சொல்லாதே என்று மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காதை வைத்தேன். கரகர. பார்த்தீர்களா என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் நின்றது. வாயை மூடினேன், சத்தம் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ப்ளோயர் நின்று வெகுநேரம் ஆகிறது, மோட்டாருக்குக் கரண்டே இல்லை, நின்ற மெஷின் எப்படிக் கரகரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது நான்தான், எஸ்தர். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. எலும்பு வழியாக அது நேராகக் காதுக்குப் போயிருக்கிறது, நான் அதை பேரிங்கின் தலையில் கட்டி உலையை ஆறவிட்டிருக்கிறேன். துலுக்காணம் என் முகத்தைப் பார்த்தார், ப்ளோயரைப் பார்த்தார், கீழே உட்கார்ந்துவிட்டார் சிரிப்புத் தாங்காமல். "அட தொர, பேரிங்கு பூடுச்சின்னு மில்லையே நிறுத்திட்டியே, பூட்டது ஒன் பல்லா?" என்றார். இன்ஜினீயர் இராமலிங்கம் சிரிக்கவில்லை. "மிஸ்டர் சின்னதுரை, பாதி ஷிப்ட் போச்சு, எதனாலன்னு எழுதிக் குடுங்க" என்றார். மகளிடமிருந்து கடிதம் வந்தது, அதனால் உலை ஆறியது என்றா எழுதுவது. கேட்டதில் பிழை என்று எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து டீக்கடைப் பக்கம் தலை காட்ட முடியவில்லை. "தொரைக்கு முறுக்கு குடுக்காதப்பா, மில்லு நின்னுடும்" என்கிறார்கள். "பேஜாரா கீதா தொர, பல் டாக்டராண்ட இட்டுகினு போவட்டா" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், வேறு என்ன செய்வது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். சிரித்து முடித்துவிட்டு, "எங்க அக்கா ஊட்டுக்காரரு புள்ளைக்கு நல்லதுதான சொல்லிக் குடுத்துகீறாரு, ஒங்களுக்கு இன்னாத்துக்கு வயிறு எரியுது?" என்றாள். எரிகிறது, அதை எழுத எனக்கு வெட்கமில்லை, பழுது என்றால் பெயரைச் சொல்லித்தான் எழுத வேண்டும், இது பொறாமை. ஆனால் எல்லாரும் சொல்லுகிற மாதிரி வயிற்றில் இருக்கிறதா என்று கவனித்துப் பார்த்தேன், வயிற்றில் ஒன்றுமே இல்லை. எனக்கு அது தாடையில் பிடிக்கிறது, அங்கிருந்து வலது தோளுக்கு இறங்குகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, மூச்சு நெஞ்சுக்குக் கீழே போவதில்லை. பெரியப்பா என்ற சொல்லை மனசுக்குள் சொன்னால் போதும், சுவிட்சைப் போட்ட மாதிரி தாடை இறுகுகிறது. இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற ஒரு பழுதை இத்தனை வருஷம் நான் பார்க்காமலேயே இருந்திருக்கிறேன், மெஷினை மட்டும்தான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, பெரியப்பா சொன்ன முறையை நானும் செய்து பார்த்தேன். அதை அவரிடம் சொல்லாதே. குதிகாலை அழுத்தினேன், சிமெண்டுத் தரை உலைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. தூரத்தில் கூடூர் பாசஞ்சர் ஊதுவது கேட்டது, பக்கத்தில் துலுக்காணம் ஏதோ பாட்டை மூக்கால் பாடிக்கொண்டிருந்தார். செய்து முடிப்பதற்குள் தோள் இறங்கிவிட்டது. அதாவது முறை வேலை செய்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல், வேலை செய்யாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது, பெரியப்பாவுக்குத் தெரியாத குறை, ஆகவே கவனமாகப் படி. வெளியே இருக்கிற சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால், கேட்கிற ஆள் எந்த நிலையில் இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். முதலில் பல்லும் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கிறதா பார், தொட்டால் விலக்கு. நாக்கைத் தளர விடு. தோள் காதுப் பக்கம் ஏறியிருந்தால் இறக்கு. ஒரு மூச்சை வயிறு வரைக்கும் விட்டு மெதுவாக வெளியே அனுப்பு, உள்ளே வந்ததைவிட வெளியே போவது நீளமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு குதிகால், சத்தம், புத்தக ஓரம் எல்லாம் செய். இந்த முதல் பகுதி நான் கண்டுபிடித்தது, அதற்கு நான் ஒரு உலை விலை கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. இது அழுகையையோ கோபத்தையோ அடக்குவதற்கு என்று நினைத்துக்கொள்ளாதே. அடக்கினால் அது வேறு இடத்தில் போய்ப் பல்லைக் கடிக்கும். சூடு ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும், தெரிந்தாலே பாதி இறங்குகிறது, மீதிக்கு நேரம் கொடு. சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் இப்போது நான் நேராகப் பேச்சுக்குப் போவதில்லை, உன் அம்மா ஏதாவது கேட்டாலும் முதலில் கிணற்றடிக்குப் போய் முழங்கை வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு, பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற காற்று ஈரக் கையில் படுவதைக் கவனித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். பிறகு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, ஒவ்வொன்றாக, மெதுவாக மென்று. தாடைக்கு வேலை கொடுத்தால் அது தானாகக் கடிக்காது. உன் அம்மாவுக்கு இது பெரிய அதிசயம், "ஒரே வாயில கொட்டிக்கிற மனுசன் எண்ணி எண்ணித் தின்றாரு பாரு" என்று பச்சையம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீயும் இரவு படுக்கும்போது பள்ளிக்கூடத்து நினைப்பு வந்து தூக்கம் கெட்டால் போர்வையின் கனத்தைக் கவனி, எங்கே கனமாக இருக்கிறது, எங்கே லேசாக இருக்கிறது என்று. அப்படியும் தூக்கம் வராவிட்டால் பெரியம்மாவை எழுப்பு, தனியாகக் கிடந்து அழாதே. எழுப்பினால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அது எனக்குத் தெரியும்.

ஊர் செய்தி. இங்கே இப்போதே வெயில் சுடுகிறது, கிணற்றில் தண்ணீர் இறங்கி உப்புக் கரிக்கிறது, குடிக்க மட்டும் தூரத்துக் குழாயிலிருந்து கொண்டுவருகிறோம். உன் அம்மா கோயிலில் குருத்தோலை ஞாயிறுக்குப் பாடுகிறவர்களுக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறாள், வீடு முழுக்க நூல், என் காலில் இரண்டு தடவை ஊசி ஏறிவிட்டது. பச்சையம்மா வீட்டுக் கோழி நம் விறகுக்குள் முட்டையிடுகிறது, யாருடைய முட்டை என்று இன்னும் தீரவில்லை. உன் பழைய டீச்சர் ஆரோக்கியமேரி பஸ்ஸில் பார்த்துவிட்டு "எஸ்தர் வந்துட்டாளா, எப்ப வரா?" என்று கேட்டார்கள். நான் என் ஸ்டாப் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ "இருக்கட்டுமா" என்று கேட்டாயே தவிர, இருக்க ஆசையா வர ஆசையா என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. நான் இதைக் கவனிக்கவில்லை, உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். "அந்தப் பொண்ணு ரெண்டு ஊட்டுக்கும் பயந்துகினு எழுதிகீது, நல்லா படிச்சுப் பாருங்க" என்றாள். மறுபடி மறுபடி படித்தேன், சரிதான். பெரியப்பா மனசு நோகக்கூடாது என்று பார்க்கிறாய், என் மனசு நோகக்கூடாது என்றும் பார்க்கிறாய். உன் வயசுக்கு இது அதிகம், பாப்பா. ஆகவே இப்படிச் செய். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தரையில் உட்கார்ந்துகொள். பல்லை விலக்கு, தோளை இறக்கு, மூச்சை விடு. பிறகு "நான் இங்கே இருக்கப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உடம்பு என்ன செய்கிறது என்று பார். தொண்டை, நெஞ்சு, வயிறு, கை எல்லாவற்றையும் பார். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லிப் பார். எது இறுகுகிறது, எது தளர்கிறது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார், முதல் தடவையே நம்பிவிடாதே, காது சொன்னதைக் கையையும் வைத்துக் கேட்க வேண்டும்.

நானும் இதைச் செய்து பார்த்தேன். "எஸ்தர் வருகிறாள்" என்றால் எனக்கு உடம்பு முழுக்கத் தளர்கிறது. "எஸ்தர் அங்கேயே இருக்கிறாள்" என்றால் தாடை பூட்டிக்கொள்கிறது, இன்று காலை கோயிலில் ஜெப நேரத்திலும் சோதித்தேன், அதே பூட்டுதான். ஆகவே என் பதில் என்ன என்று உனக்குத் தெரியும், மறைக்க மாட்டேன். ஆனால் என் தாடையை வைத்து உன் படிப்பைத் தீர்மானிக்க முடியாது, ஒரு தடவை அதை நம்பி உலையை ஆறவிட்டது போதும். உன் உடம்பு சொல்வதை நீ எழுது. உன் அம்மாவும் நானும் அதன்படி பெரியப்பாவுக்குக் கடிதம் போடுகிறோம், பெரியவர்களிடம் பேசுவது எங்கள் வேலை, உன்னுடையது இல்லை. "வருகிறேன்" என்று எழுதினால் நானே பிலாய்க்கு வந்து உன்னை அழைத்துக்கொண்டு வருவேன், பெரியப்பாவுக்கு நன்றியும் சொல்வேன், மனசோடுதான் சொல்வேன். "இருக்கிறேன்" என்று எழுதினால் ஒரு வாரம் இந்த வீட்டில் என்னோடு யாரும் பேச முடியாது. அதை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். அதற்காக நீ மாற்றி எழுதாதே.

பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் எங்கள் ஸ்தோத்திரத்தைச் சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உனக்கு நல்ல தூக்கமும் நல்ல புத்தியும் தருவாராக. பதிலை இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடு, உன் சொந்த வார்த்தையில் எழுது, பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதியதாக இருந்தால் முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் சொந்த அப்பா,
சின்னதுரை